சூரியகாந்தியில் கட்டிய சிவப்புத் துணி

மருமகள் கையில் தூரிகையோடு பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்ததை முதல் தடவை பார்த்தபோது ரோலர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். லென்ஸில் ஒட்டிய தூசியைத் தட்டுகிற பஞ்சு மாதிரியான தூரிகை அது. அதை ஒரு பூவுக்குள் விட்டுச் சுழற்றி, ஒட்டிய மஞ்சள் பொடியை, அடியில் குட்டிக் காய் தாங்கிய இன்னொரு பூவில் தடவிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, அதுக்குப் பவுடர் பூசி விடுறியா?”

“இல்ல மாமா, தேனீ வரவே மாட்டேங்குது. வந்தாத்தான் காய் நிக்கும். இல்லன்னா பிஞ்சோட அழுகிக் கொட்டிடுது. அதான் நானே செஞ்சு விடுறேன்.”

“பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறேன்னு சொல்லு. தரகர் வேலை எப்போலருந்து?”

அவளும் சிரித்தாள். அதோடு விட்டிருந்தால் மாமனார் மருமகள் விளையாட்டாகப் போயிருக்கும். ரோலர் விடவில்லை. சாயங்காலம் வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் வேலையில் இருந்த காலத்தில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீடு வீடாக மீட்டரைத் தவிர மற்றதை எல்லாம் பார்த்தார். அவர் காதில் விழுந்தது தெருக்கோடி வரை போய்ச் சேராமல் இருக்காது. மருமகளுக்குப் ‘பூத்தரகர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் வேலைக்குப் போகும்போது, “என்ன தரகரே, நல்ல வரன் இருக்கா?” என்று எதிர்வீட்டு மீட்டர் கேட்பார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள்.

ரோலருக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது என்றால், விளையாட்டு மைதானத்தில் புல் பராமரிக்கிற வேலை. காளை இழுக்க வேண்டிய ரோலர் உருளையை ஆளாக இழுத்து இழுத்தே தோள்பட்டை ஒரு பக்கம் சாய்ந்துபோனது. பள்ளிக்கூடத்தில் அவர் அதிக நாள் உட்காரவில்லை. ஆனால் ஒரு புல்லைக் கிள்ளிப் பார்த்து அதற்குத் தாகமா, சீக்கா என்று சொல்லிவிடுவார். வேலை முடிந்து மகன் வீட்டோடு வந்ததும் முதல் காரியமாக வாசலில் புல்தரை போட்டார். கேட்டிலிருந்து கதவு வரை நடைபாதை, அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. விரித்த போர்வை மாதிரி இருக்கும். நடுவில் ஒரு மஞ்சள் பூ தலைநீட்டினால் போதும், கத்தியோடு போய்விடுவார். கத்திக்கு அடங்காததற்கு மருந்து வைத்திருந்தார். புல்லை விட்டுவிட்டு மற்ற செடியை மட்டும் சாகடிக்கிற மருந்து.

அந்தப் போர்வையைத்தான் மருமகள் பாதி கேட்டாள்.

“பின்னால பூசணி காய்க்கணும்னா முன்னால பூ இருக்கணும் மாமா. தெரு முழுக்கப் புல்லுதான். தேனீ எதை நம்பி இந்தப் பக்கம் வரும்?”

“வராட்டி போகட்டும். பூசணிக்காய் கடையில கிடைக்கல? புல்ல எடுத்துட்டு முள்ளும் புதருமா வளத்து வெச்சா, நாளைக்குப் பாம்பு வந்து, சௌக்கியமான்னு கேக்கும்.”

மகன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டிலும் அவனுக்கு அதே தொழில்தான். மனைவி பக்கம் ஒரு தரம் ஏறுவான், அப்பா பக்கம் ஒரு தரம் இறங்குவான். இந்தத் தடவை நடுவில் நின்றுகொண்டான். “நடைபாதைக்கு இடது பக்கம் உனக்கு, வலது பக்கம் அப்பாவுக்கு. மழைக்காலம் வர்றவரைக்கும் பாப்போம். நல்லா வந்தா அப்படியே இருக்கட்டும். வரலன்னா மறுபடி புல்லுதான். அதுக்கப்புறம் யாரும் பேச்செடுக்கக் கூடாது.”

ரோலர் ஒத்துக்கொண்டார். எப்படியும் வராது என்று அவருக்குத் தெரியும். கடையில் இருந்து செடி வாங்கி வந்து, கையுறை மாட்டிக்கொண்டு குழி தோண்டுகிறவர்களை அவர் நம்பியதில்லை. அவள் மண்வெட்டி போட்டுப் புல்லைப் பெயர்த்த அன்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேர் அறுகிற சத்தம் கதவைத் தாண்டியும் கேட்டது.

ஆனால் வந்தது. சூரியகாந்தியும் காஸ்மோஸும் செண்டுப்பூவும், ரோலருக்குப் பெயர் தெரியாத ஊதாப்பூ ஒன்றும் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வளர்ந்தன. ஒருநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கூப்பிட்டாள்.

“மாமா, சத்தம் போடாம இங்க வாங்களேன்.”

வேண்டாவெறுப்பாகப் போனார். ஒரு காஸ்மோஸ் பூவுக்குள் ஒரு தேனீ சுருண்டு படுத்திருந்தது. காலெல்லாம் மஞ்சள் பொடி.

“தூங்குது மாமா.”

“வேல வெட்டி இல்லாததுங்க,” என்றார் ரோலர். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் தெருவில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு அதே பூவிடம் போனார். தேனீ இல்லை. வேறு பூவில் வேறு ஒன்று இருந்தது. வெயில் ஏறும்வரை நின்று பார்த்தார். வாழ்நாள் முழுக்க எத்தனை பூவைப் பிடுங்கியிருக்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. ‘சீ, கிறுக்கு’ என்று அதை உதறிவிட்டார். ஆனால் அதற்கு அடுத்த நாளும் போனார்.

பிறகு பூசணியில் பிஞ்சு நின்றது. அவள் தூரிகையை எடுக்காமலே நின்றது.

அடுத்து நடந்ததைச் சொல்லுவதற்கு முன்னால் ரோலரின் ஸ்பிரேயர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரிடம் தோளில் மாட்டுகிற ஸ்பிரேயர் இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே நீலம், ஒரே அளவு. ஒன்று களைக்கொல்லிக்கு, இன்னொன்று வெறும் தண்ணீருக்கு. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிற எழுத்தை அவர் நம்பமாட்டார். எழுதினவன் ஒன்றை நினைத்து எழுதியிருப்பான், ஒட்டினவன் ஒன்றை நினைத்து ஒட்டியிருப்பான் என்பது அவர் கட்சி. அதனால் விஷ ஸ்பிரேயரின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருந்தார். மைதானத்தில் இருந்த காலத்திலிருந்தே அதுதான் சட்டம். மருமகள் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். “சிவப்புத் துணி கட்டினது எமன். நீ மட்டுமில்ல, உன் புருஷனும் தொடக் கூடாது. என் கண்ணு போனாக்கூட கை தெரிஞ்சுக்கும்.”

ஒருநாள் பகலில் காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்தது. வீட்டில் யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், இருந்ததிலேயே உயரமான சூரியகாந்தி நடைபாதைமேல் சாய்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு காற்று வந்தால் முறிந்துவிடும். ரோலர் கொட்டகைக்கு ஓடி ஒரு குச்சியை எடுத்தார். கட்டக் கயிறு தேடினார், அகப்படவில்லை. கைக்கு வந்தது அந்தச் சிவப்புத் துணி. அவிழ்த்துக்கொண்டு ஓடினார். தண்டு நோகாமல், எட்டு போட்டமாதிரி முடிச்சு. அதைப் போட்டு முடித்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார். மீட்டர் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. நல்லவேளை என்று உள்ளே வந்துவிட்டார். சாயங்காலம் வேறு துணி கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறந்துவிட்டார். மறதி வயசுக்கு வருவதுதான். ஆனால் அவர் மறந்ததற்கு வயசு காரணமில்லை. அன்று சாயங்காலம் மருமகள் வந்து அந்த முடிச்சைப் பார்த்து, விரலால் தொட்டு, வீட்டுப் பக்கம் திரும்பிச் சிரித்ததை அவர் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் துணியாவது மண்ணாவது.

சில நாள் கழித்து மொட்டுகளின் அடியில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டிருப்பதைக் கண்டார். பொடிப் பொடியாய், பச்சையாய், கூட்டம் கூட்டமாய். இது தெரியாமல் பூத்தரகர் வேலைக்குப் போய்விட்டாளே என்று மனசுக்குள் திட்டினார். அசுவினிக்குச் சோப்புத் தண்ணீரே போதும் என்று அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவத்தில் கொஞ்சம் எடுத்தார். கொட்டகைக்குப் போனார். துணி கட்டாத ஸ்பிரேயர் முன்னால் தொங்கியது. எடுத்துக் குலுக்கினார்; அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அலசின தண்ணீர் என்று நினைத்து அதன்மேலேயே தண்ணீர் ஊற்றி, சோப்பைக் கலந்தார். மருந்து நெடியிலேயே கிடந்த மூக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது. தளிர் விடாமல், மொட்டு விடாமல், இலையைத் திருப்பித் திருப்பிப் பொறுமையாக அடித்தார். அடித்துவிட்டு ஒரு சொல் யாரிடமும் சொல்லவில்லை. உதவி செய்தது தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்தார். போகப்போகிற மானம் வேறு என்று அவருக்கு அப்போது தெரியாது.

மறுநாளே தண்டுகள் முறுக்கிக்கொண்டன. அதற்கு அடுத்த நாள் சூரியகாந்திகள் கழுத்தைத் திருகிப்போட்ட கோழி மாதிரி தொங்கின. இலைகள் சுருண்டு சுருண்டு கிண்ணமாயின. ஊதாப்பூவெல்லாம் பழுப்பு. மருமகள் ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போவதும் தொடுவதுமாக இருந்தாள். ரோலரும் பக்கத்தில் நின்று, “வேர்ல பூச்சி இருக்குமோ?” என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

மகன் நர்சரிக்காரம்மாவைக் கையோடு கூட்டிவந்தான். “சீக்குச் செடியக் குடுத்து ஏமாத்திட்டீங்க” என்று வழியெல்லாம் சண்டை போட்டே கூட்டிவந்திருந்தான். அந்தம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. கேட்டைத் திறக்கும்போதே குரல் உயர்ந்திருந்தது.

“என் செடியக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி கண்ணத் தொறந்து பாருங்க தம்பி. நோய் வந்தா ஒண்ணு சாகும், ரெண்டு சாகும். இப்படி எல்லாமா ஒரே நாள்ல முறுக்கிக்கும்? இது புல்லுக்கு அடிக்கிற களைக்கொல்லி. பாருங்க, செடிக்கு நடுவுல முளைச்ச புல்லு மட்டும் எப்படி ஜம்முனு நிக்குது.”

எல்லாரும் புல்லைப் பார்த்தார்கள். பிறகு நடைபாதைக்கு வலது பக்கம் பார்த்தார்கள். பிறகு ரோலரைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் ரோலருக்குக் கொட்டகை ஞாபகம் வந்தது. ஆணியில் தொங்கிய இரண்டு நீல ஸ்பிரேயர்களும், அவற்றில் எதிலுமே சிவப்பு இல்லாததும் ஞாபகம் வந்தன. சிவப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. எதிரிலேயே, செத்த சூரியகாந்தியின் கழுத்தில் கட்டியிருந்தது.

“அப்பா, நீங்க எதாவது...” என்றான் மகன்.

“நான் எதுக்குடா அடிக்கப் போறேன்?” என்று கத்தினார் ரோலர். “என் பக்கத்தப் பாத்துக்கவே எனக்கு நேரம் இல்ல. என்னைப் பாத்துக் கேக்கிறியா? பெத்த அப்பனைப் பாத்து?”

பொய் சொல்லுகிறவர்கள் கத்துவார்கள் என்று பிறரைப் பற்றி எத்தனையோ தடவை சொன்ன மனுஷன் அவர். தன் குரல் தனக்கே நாராசமாகக் கேட்டது. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். கை இரண்டும் மடியில் கிடந்தன. யாருடைய கைகளோ மாதிரி இருந்தன.

அன்று சாயங்காலம் அவர் கேட்டைச் சாத்த வந்தபோது மீட்டர் தெருவைக் கடந்து வந்தார். முகமெல்லாம் பல்.

“ரோலரே, கையக் குடுங்க. கமுக்கமா காரியத்த முடிச்சிட்டீங்களே!”

“என்ன காரியம்?”

“எங்கிட்டயே மறைக்கிறீங்க பாருங்க. நான் அன்னிக்கே மாடியில இருந்து பாத்தேனே. இலையத் திருப்பித் திருப்பி அடிச்சீங்க. அடடா, என்ன பொறுமை! ஒரு செடி தப்பல. நான் மூச்சு விடல. நம்ம ஆளாச்சே. இனி இந்தத் தெருவுல எவளாவது புல்ல எடுக்கிறேன்னு கிளம்புவா?”

ரோலர் வாயைத் திறந்தார். தப்பாக எடுத்துவிட்டேன், சோப்புத் தண்ணீர் என்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மீட்டர் கண்ணடிப்பார். ‘ஆமாமா, சோப்புத் தண்ணிதான்’ என்பார். இந்த ஆளோடு சேர்ந்துதானே இத்தனை நாள் தேனீயையும் பூத்தரகரையும் கிண்டல் செய்தோம். இவர் நம்மை நம்ப மாட்டார், நம்புவதற்கு நாம் ஒன்றும் செய்து வைக்கவில்லை. ஏச்சு வாங்கியிருந்தால்கூட உடம்பு தாங்கியிருக்கும். மீட்டர் பிடித்துக் குலுக்கிய கையை வீட்டுக்கு வந்து கழுவினார். கழுவியும் திருப்தி வரவில்லை.

கழுவிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக மருமகளைப் பார்த்தார். அவள் செத்த செடிகளுக்கு நடுவில் நின்று அந்தச் சிவப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் போட்ட முடிச்சு லேசில் அவிழாது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். மகனின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டது. துணியைச் சட்டென்று சுருட்டிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

ரோலர் குழாயை மூட மறந்து நின்றார். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மறைக்கிறாள்.

சாப்பாட்டு மேஜையில் மகன் மறுபடி ஆரம்பித்தான். “மருந்து தானா பறந்து வந்து விழுமா? எவன் செஞ்சான்னு தெரிஞ்சாகணும். எதிர்வீட்டு ஆளு மேலதான் எனக்குச் சந்தேகம். நாளைக்கு நேரா போய்க் கேக்கப் போறேன்.”

“வேணாங்க,” என்றாள் மருமகள். ரோலரின் தட்டில் பரிமாறிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “நான்தான் செஞ்சேன்.”

“நீயா?”

“பூச்சி இருந்துச்சு. அவசரத்துல ஸ்பிரேயர மாத்தி எடுத்துட்டேன்.”

மகன் கரண்டியை வைத்துவிட்டான். “அப்பா தலைபாடா அடிச்சுக்கிட்டாரே, சிவப்புத் துணி, சிவப்புத் துணின்னு. கடையில ஊருக்கே கண்ணு பாக்கிறவ, உன் கண்ணு எங்க போச்சு? அந்த நர்சரிக்காரம்மா வாயில விழுந்து நான் அசிங்கப்பட்டேன். போதும். ஞாயித்துக்கிழமை புல்லுக் கட்டு வந்து இறங்கும். சுருளா கொண்டு வந்து விரிச்சிட்டுப் போயிடுவான். இனி பூ, தேனீன்னு பேச்செடுக்காத.”

“சரி,” என்றாள்.

ரோலருக்கு முன்னால் சோறு இருந்தது. எழுந்துபோயிருக்கலாம், எழவில்லை. பேசியிருக்கலாம், பேசவில்லை. குனிந்த தலை நிமிராமல் தட்டில் இருந்த அத்தனையையும் சாப்பிட்டார். அவள் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். அதையும் சாப்பிட்டார். அதுதான் அவர் செய்ததிலேயே கேவலம். மருந்து அடித்ததாவது தெரியாமல் செய்தது.

ஞாயிறு வரைக்கும் வீட்டில் எலி மாதிரி நடந்தார். தன் புல்தரையில் கால் வைக்கவில்லை. நினைத்தது கிடைக்கப்போகிறது, இடது பக்கமும் மறுபடி போர்வைதான். ஆசைப்பட்ட மிட்டாய் அடுத்த பிள்ளை கையிலிருந்து பிடுங்கியது என்று தெரிந்த மாதிரி அதைப் பார்க்கவே கூசியது. மருமகள் வேலைக்குப் போகும்போது, “வரட்டுமா மாமா” என்று எப்போதும்போலச் சொன்னாள். வேண்டுமென்று செய்ததாக நினைத்துத்தான் மறைக்கிறாளோ, கிழவனைக் காட்டிக்கொடுத்தால் வீடு இரண்டாகும் என்று பொறுத்துப் போகிறாளோ என்று அவர் மனசு அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வந்து நின்றது. சுருட்டிய பாய் மாதிரி புல் சுருள்கள். வண்டிக்காரன் பின்கதவைத் திறந்தான். பார்ப்பதற்கு வேறு வேலையில்லாத மீட்டர் கைகட்டித் தன் வாசலில் வந்து நின்றுகொண்டார். மருமகள் காய்ந்த சூரியகாந்தியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ரோலர் கேட்டை உள்ளிருந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

“என்னப்பா, வண்டி உள்ள வரணும்.”

“வேணாம். திருப்பி அனுப்பு.”

“நீங்கதானே புல்லு வேணும்னு நின்னீங்க?”

“அந்த ஸ்பிரேயர அவ எடுக்கல. நான்தான் எடுத்தேன். நான்தான் அடிச்சேன்.”

சத்தம் தெருவுக்கே கேட்டது. மீட்டர் கட்டிய கையை அவிழ்த்தார். மகன் வண்டிக்காரனிடம் பொறு என்று கை காட்டினான். பிறகு பேசினான். சின்னக் குரலில் பேசினான், அது இன்னும் மோசமாக இருந்தது.

“பழி வாங்கிட்டீங்க இல்ல? பாதிப் புல்லுக்காக. அவ பேரக் கெடுத்து, உக்காந்து சாப்பிட்டு... எப்படிப்பா சாப்பாடு இறங்குச்சு?”

ரோலரிடம் பதில் இருந்தது. பூச்சிக்குத்தான் அடித்தேன், துணியைச் செடிக்குக் கட்டினதால் அடையாளம் போச்சு என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வந்தால் அது சாக்காகத்தான் கேட்கும் என்று தோன்றியது. அதோடு, மகன் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. நின்றார்.

“விடுங்க,” என்றாள் மருமகள். கையில் மண்ணோடு நடைபாதையில் வந்து நின்றாள். “மாமா வேணும்னு செய்யல. அன்னிக்கே இலைய மோந்து பாத்தேன். நம்ம பாத்திரம் கழுவுற சோப்பு வாசம். விஷம் வைக்கிறவங்க யாராவது அதுல சோப்பு கலப்பாங்களா? பூச்சிக்கு அடிச்சிருக்காரு. துணிய அவுத்து என் செடிக்குக் கட்டிட்டு அத மறந்திருக்காரு.”

“அப்போ நீ ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?”

“நீங்க கேட்டப்ப இல்லன்னு கத்திட்டாரே. இனி எப்படி மாத்திச் சொல்லுவாரு? அசிங்கமா இருக்கும்ல அவருக்கு.”

ரோலர் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார். கெட்டவன் என்று அவள் நினைத்திருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பார். அவள் எல்லாவற்றையும், சோப்பை, முடிச்சை, கத்தலை, கோழைத்தனத்தை, ஒன்று விடாமல் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுச் சோறும் போட்டிருக்கிறாள்.

“என் பக்கத்த எடுத்துக்கோம்மா,” என்றார். “வலது பக்கம் முழுக்க. புல்ல நானே பேத்துத் தர்றேன். அதுல நடு.”

வண்டி திரும்பிப் போனது. மகன் யாரிடமும் பேசாமல் நர்சரிக்காரம்மாவைப் பார்க்கப் போனான், மன்னிப்பும் கேட்டு மறுபடி செடியும் கேட்க. அந்தம்மா கோபம் ஆறி மத்தியானம் வந்தாள். இடது பக்கத்து மண்ணை அள்ளிப் பார்த்தாள். “இது தண்ணி விட்டு விட்டு ஆறணும். அடுத்த மாசம் பாக்கலாம்” என்றாள். ரோலர் அவளை வலது பக்கம் கூட்டிப்போய்த் தன் போர்வையைக் காட்டினார். பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் பெண்ணைக் காட்டுகிற மாதிரி கொஞ்சம் பெருமைகூட எட்டிப்பார்த்தது.

“இதுல எத்தனை வருஷமா மருந்து அடிக்கிறீங்க பெரியவரே?”

“போட்டதுலருந்து.”

“கடைசியா?”

“போன மாசம்.”

அந்தம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். “அப்போ அதைவிட இதுதான் மோசம். இதுல இப்போ எத வெச்சாலும் முறுக்கிக்கும். முதல்ல இது தெளியட்டும்.”

கொடுக்கிறேன் என்று கொண்டுபோய்க் கொடுத்ததுகூட விஷமாக இருந்தது. ரோலர் தன் பச்சைப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். மருமகள் உள்ளே போய்க் கைப்பையை எடுத்துவந்தாள். அதைத் திறந்து அந்தச் சிவப்புத் துணியை எடுத்து அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். இரண்டு ஸ்பிரேயரில் எது எது என்று இப்போது அவருக்கே நிச்சயமில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே துணியால் கட்டி, உயர ஆணியில் மாட்டினார்.

பூ இல்லாத வாசலுக்குத் தேனீ வரவில்லை. பின்னால் பூசணி மட்டும் ஒன்றும் தெரியாதது மாதிரி பூத்துக்கொண்டிருந்தது. பிஞ்சுகள் மறுபடி அழுகி விழ ஆரம்பித்தன. மருமகளுக்குக் கடையில் வேலை கூடிவிட்டது. விடிந்ததும் சமையல், பிறகு ஓட்டம். பூசணிப்பூ விடிகாலையில் திறந்து வெயில் ஏறினால் வாடிவிடும்.

ஒருநாள் விடிந்த கையோடு ரோலர் பின்பக்கம் போனார். ஜன்னல் திண்டில் தூரிகை இருந்தது. ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எடுத்தார். உருளை இழுத்துக் காய்த்த விரல்களுக்கு நடுவில் அது நிற்கவே மாட்டேன் என்றது. முட்டி வலியோடு குந்தினார். அடியில் காய் இல்லாத பூவில் விட்டுச் சுழற்றினார், அவள் செய்த மாதிரி. பொடி ஒட்டியது. காய் இருக்கிற பூவைத் தேடித் தடவினார். பாதிப் பொடி சட்டையில் விழுந்தது.

“யாரது?” பக்கவாட்டுச் சந்துச் சுவருக்கு மேலே மீட்டரின் தலை முளைத்தது. பால் வாங்கிக்கொண்டு வருகிற வழியில் எட்டிப் பார்க்காமல் போக முடியவில்லை அவருக்கு. “அட, ரோலரா! என்னய்யா இது, கையில தூரிகை? தரகர் வேலைய நீங்க எடுத்துக்கிட்டீங்களா?”

தூரிகையை மடிக்குள் மறைக்க ரோலரின் கை போனது. பாதியில் நின்றது.

“ஆமா,” என்றார். “வந்த தேனீய நான் விரட்டிட்டேன். இப்போ அது செய்ற வேலைய நான் செய்றேன்.”

“அட, வேணும்னா செஞ்சீங்க? அதான் சோப்புன்னு உங்க மருமக தெருவுக்கே கேக்கிற மாதிரி சொல்லிச்சே...”

“அத விடு. அன்னிக்கு நீ என் கையக் குலுக்கினப்ப நான் இழுத்துக்கல. வாயத் தொறக்கல. அத நினைச்சா ராத்திரி தூக்கம் வரல எனக்கு. இனி அந்தப் புள்ளயப் பூத்தரகர்னு கூப்பிடாத. அந்தப் பேர வெச்சவன் நான். நானே எடுத்துக்கிறேன்.”

மீட்டர் பால் பாத்திரத்தைக் கை மாற்றினார். பிறகு தலை மறைந்தது. பத்து மணிக்குள் தெருக்கோடி வரை போய்விடும் என்று ரோலருக்குத் தெரியும்.

அடுப்படி ஜன்னலில் பாத்திரம் உருளுகிற சத்தம் நின்றிருந்தது. அவள் அங்கே நிற்கிறாள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

“மாமா,” என்றாள் ஜன்னல் வழியாக, “அந்த மூலையில இலைக்கு அடியில இன்னொரு பூ இருக்கு. அத விட்டுட்டீங்க.”

ரோலர் இலையை விலக்கினார். இருந்தது. குந்தியபடியே அந்தப் பக்கம் நகர்ந்தார்.